அம்பு பட்ட மானை ஏன் உடனே துரத்தக் கூடாது?

அம்பு பட்ட மான் பட்ட இடத்திலேயே விழாது. இதை முதலில் மனதில் போட்டுக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் இதிலிருந்து தானாக வரும். சினிமாவில் ராஜா வில்லை வளைத்தால் அடுத்த காட்சியில் மான் தரையில் கிடக்கும். நிஜத்தில், நெஞ்சைத் துளைத்து அம்பு மறுபக்கம் வெளியே வந்த மான்கூட நூறு மீட்டர் ஓடி, ஏதாவது ஒரு புதருக்குப் பின்னால் போய், எய்தவன் கண்ணில் படாத இடத்தில்தான் சாயும். அந்த நூறு மீட்டரைக் கண்டுபிடிப்பதுதான் வில்வேட்டையில் பாதி வேலை. முக்கால்வாசி என்பான் என் தம்பி.

தம்பி என்றால் சித்தப்பா மகன். கடலூர் மஞ்சக்குப்பத்தில் என்னோடு வளர்ந்தவன், இப்போது அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் இருக்கிறான். அங்கே செப்டம்பர் நடுவில் வில் சீசன் தொடங்கினால் ஆள் வார இறுதியில் போனை எடுக்க மாட்டான். எனக்கு இந்த வேட்டையில் பெரிய உடன்பாடு கிடையாது. ஞாயிற்றுக்கிழமை கறிக்கடை வாசலில் தூக்குச்சட்டியோடு நிற்கிற நீங்க அதைச் சொல்லலாமா என்று கேட்பான், அதுவும் சரிதான். போன பொங்கலுக்கு அவன் ஊருக்கு வந்தபோது பேசிப் பேசி, கடைசியில் பண்ருட்டிப் பக்கம் மாமாவின் முந்திரித்தோப்பில் ஆட்டு ரத்தத்தை வைத்து ஒரு ஒத்திகையே நடத்திப் பார்த்தோம். அந்தக் கூத்தைப் பின்னால் சொல்கிறேன்.

அதற்கு முன் ஒன்று. இதைப் படித்துவிட்டு யாரும் வேப்பூர்க் காட்டுப் பக்கம் வில்லோடு கிளம்ப வேண்டாம். இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். கொல்வது மட்டும் இல்லை, காயப்படுத்துவது, கண்ணி வைப்பது, விரட்டிப் பிடிப்பது எல்லாமே அந்தச் சட்டத்தில் 'வேட்டை' என்ற சொல்லுக்குள் வந்துவிடும். வெளிமான் போல முதல் அட்டவணையில் இருக்கும் விலங்கு என்றால் 3 ஆண்டுக்குக் குறையாத சிறை, 7 ஆண்டு வரை போகலாம். அமெரிக்காவில் கதை வேறு. அங்கே வெள்ளைவால் மான் பெருகிக் கிடக்கிறது, அரசே உரிமம் கொடுத்து, எத்தனை, எந்த மாதம், எந்தக் கருவி என்று கணக்கு வைத்து வேட்டையை அனுமதிக்கிறது. ஆகவே இனி வரும் 'செய்ய வேண்டியவை' எல்லாம் அங்கத்துக் காட்டுக்கு. நமக்கு இது ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்வதற்கு, அவ்வளவுதான்.

சரி, மான் ஏன் உடனே விழுவதில்லை? துப்பாக்கிக் குண்டு போகும் வேகத்தில் உள்ளே சுற்றியுள்ள தசையையும் சேர்த்துச் சிதைத்துவிடும், அந்த அதிர்ச்சியே பாதி வேலையைச் செய்துவிடும். அம்புக்கு அந்த வேகம் இல்லை. கப்பியும் கம்பியும் வைத்த இந்தக் காலத்துக் காம்பவுண்ட் வில்லில் இருந்து போகும் அம்புகூட நொடிக்கு 80, 90 மீட்டர்தான். அது கொல்வது அதிர்ச்சியால் இல்லை, அறுப்பதால். வேட்டை அம்பின் முனையில் ஷேவிங் பிளேடு மாதிரி இரண்டு, மூன்று அலகுகள் இருக்கும். அது உள்ளே போய் ரத்தக்குழாய்களை அறுக்கும், ரத்தம் போகும், மூளைக்கு ரத்த ஓட்டம் நிற்கும், மான் சாயும். உடம்பில் உள்ள ரத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போக வேண்டும் என்பது பொதுவான கணக்கு. இதயமோ இரண்டு நுரையீரலுமோ அறுபட்டால் அது சில நொடிகளில் முடிந்துவிடும். ஆனால் அந்தச் சில நொடிகள்தான் இங்கே சிக்கல். முழு ஓட்டத்தில் மான் நொடிக்கு 12, 13 மீட்டர் தாண்டும். 10 நொடி ஓடினால் எவ்வளவு தூரம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அறுத்த கோழி துள்ளுவதைப் பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது.

இன்னொரு சங்கடமும் உண்டு. ஒலி நொடிக்கு சுமார் 340 மீட்டர் போகும், அம்பு அதில் கால்வாசி வேகம். 25 மீட்டர் தூரத்தில் நிற்கும் மானுக்கு நாண் ஒலி முதலில் போய்ச் சேரும், அம்பு அதற்கப்புறம் கிட்டத்தட்ட கால் நொடி கழித்துத்தான் வரும். அந்தக் கால் நொடியில் மான் என்ன செய்யும்? பாய்வதற்காகக் காலை மடக்கித் தாழும். நெஞ்சுக்கு வைத்த குறி முதுகுப் பக்கம் போய்விடும். ஆக, எவ்வளவு கைதேர்ந்தவனாக இருந்தாலும் அம்பு நினைத்த இடத்தில்தான் பட்டது என்று சத்தியம் செய்ய முடியாது. எங்கே பட்டது என்பதை அப்புறம் தடயத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அங்கே பெரும்பாலும் மரத்தில் 15, 20 அடி உயரத்தில் ஒரு சின்னப் பலகையைக் கட்டி உட்கார்ந்துகொண்டுதான் எய்வார்கள், நம்மூர்ப் பரண் மாதிரி. அம்பு போன அடுத்த நிமிடம் கை நடுங்கும், இறங்கி ஓடத் தோன்றும். இறங்கக் கூடாது. உட்கார்ந்த இடத்திலேயே இரண்டு விஷயத்தை மனதில் பதிய வேண்டும்: மான் நின்ற இடம், கடைசியாகக் கண்ணில் பட்ட இடம். 'அந்தப் பிளந்த மரத்துக்கு இடது பக்கம்' என்கிற மாதிரி அடையாளத்தோடு. மேலிருந்து பார்க்கும் காடு ஒன்று, கீழே இறங்கி நின்று பார்க்கும் காடு வேறொன்று. அதனால் மேலே இருக்கும்போதே போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. காதையும் தீட்டி வைத்திருக்க வேண்டும். தடதடவென்று ஓடி, ஒரு முறிவுச் சத்தம், அப்புறம் அமைதி என்றால் பெரும்பாலும் விழுந்துவிட்டது என்று அர்த்தம்.

மானின் உடல்மொழியும் கொஞ்சம் சொல்லிவிடும். நெஞ்சில் பட்ட மான் பல நேரம் பின்னங்கால் இரண்டையும் கழுதை மாதிரி எகிறி உதைத்துவிட்டு, உடம்பைத் தாழ்த்திக்கொண்டு தலைதெறிக்க ஓடும். வயிற்றில் பட்டது முதுகை வளைத்து, கூனிக்கொண்டு, நாலடி நடந்து நின்று, திரும்பிப் பார்த்து, மெதுவாக நடந்து போகும். பார்க்கிறவனுக்கு 'பெரிதாக அடிபடவில்லை போல' என்று தோன்றும். அதுதான் மோசமான அடி.

இப்போது அம்பைப் பார்க்கலாம். பெரும்பாலும் அம்பு மானைத் துளைத்து மறுபக்கம் போய் மண்ணில் குத்தி நிற்கும், ரத்தமும் முடியும் ஒட்டியிருக்கும். இந்த இடத்தில் தம்பி எனக்கு விளக்கியபோது நான் சொன்னேன், இதுக்கு அமெரிக்கா எதுக்குடா, நம்ம கறிக்கடை போதுமே என்று. ஆடும் மானும் அசைபோடும் விலங்குகள், உள்ளே இருக்கும் சாமான்கள் கிட்டத்தட்ட ஒரே வரிசையில்தான் இருக்கும். கடையில் தொங்கும் நுரையீரலைப் பார்த்திருப்பீர்கள், இளஞ்சிவப்பாக, பஞ்சு மாதிரி, தண்ணீரில் போட்டால் மிதக்கும். அதிலிருந்து வரும் ரத்தத்தில் காற்று கலந்திருக்கும், அதனால் வெளிர்சிவப்பாக, சோப்பு நுரை போலக் குமிழ் குமிழாக இருக்கும். ஈரலை நினைத்துக்கொள்ளுங்கள், நாவல்பழத்துக்கும் செங்கலுக்கும் நடுவே ஒரு நிறம். ஈரலில் பட்டால் அம்பில் ஒட்டியிருக்கும் ரத்தமும் அப்படிக் கறுஞ்சிவப்பாக, குமிழ் இல்லாமல் கனமாக இருக்கும். அதற்கும் பின்னால் இரைப்பை, குடல். அங்கே பட்ட அம்பில் ரத்தம் கம்மி, பச்சையோ பழுப்போ வழுவழுவென்று ஏதோ ஒட்டியிருக்கும், அரைத்த புல் துணுக்கு இருக்கும். மூக்குக்கிட்டே கொண்டு போனால் குடல் கழுவுகிற நாளில் வீட்டுக் கொல்லையில் வருமே, அதே வாடை. தம்பி எய்த அம்பை முகர்ந்து பார்ப்பான் என்று கேட்டபோது சித்தி முகத்தைச் சுளித்தாள். ஆனால் வாரம் தவறாமல் குடல் குழம்பு வைக்கிறவளும் அவள்தான்.

பளிச்சென்ற நல்ல சிவப்பு, நுரை இல்லை என்றால் இரண்டு அர்த்தம் உண்டு. இதயமாகவோ பெரிய ரத்தக்குழாயாகவோ இருக்கலாம், வெறும் தொடைச் சதையாகவும் இருக்கலாம். தடத்தில் கொஞ்ச தூரம் போனால்தான் தெரியும். சதைக் காயம் முதல் நூறு மீட்டர் கொட்டித் தீர்த்துவிட்டு, அப்புறம் குழாயை மூடினது மாதிரி நின்றுபோகும். முடியும் துப்புத் தரும்: கரடுமுரடான வெள்ளை முடி என்றால் அடிவயிற்றுப் பக்கம், நுனி கறுத்த நீள முடி என்றால் முதுகுப் பக்கம்.

இனித்தான் தலைப்பில் கேட்ட கேள்வி. எங்கே பட்டது என்று தெரிந்தால், எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். இதயம், நுரையீரல் என்றால் அரை மணி நேரம். மான் எப்போதோ செத்திருக்கும், இந்த அரை மணி ஒரு காப்பீடு. ஈரல் என்றால் 4 முதல் 6 மணி நேரம். இரைப்பை, குடல் என்றால் 8 முதல் 12 மணி நேரம், அதாவது சாயங்காலம் எய்திருந்தால் மறுநாள் காலைதான்.

பன்னிரண்டு மணி நேரமா, வலியில் துடிக்கிற பிராணியை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோறு சாப்பிடுவதா என்று எனக்கும் முதலில் கோபம் வந்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள். குடலில் பட்ட மானுக்கு உடம்பு முடியாது, ஆனால் துரத்துகிற ஆள் யாரும் இல்லை. அது அதிக தூரம் போகாது. நூறு, இருநூறு மீட்டரில் மறைவான இடம் பார்த்துப் படுத்துவிடும். படுத்தால் திரும்ப எழ மனசு வராது, அங்கேயே பலவீனமாகி அங்கேயே செத்துப்போகும். அந்த நேரத்தில் நாம் டார்ச்சைத் தூக்கிக்கொண்டு சருகைச் சரசரவென்று மிதித்துக்கொண்டு போனால் என்ன ஆகும்? பயத்தில் அட்ரினலின் ஏறி எழுந்து ஓடும், இந்த முறை ஒரு கிலோமீட்டர், இரண்டு கிலோமீட்டர்கூட. குடல் காயத்தில் ஓட்டையைக் கொழுப்போ குடலோ அடைத்துக்கொள்ளும், ரத்தம் வெளியே வராது, தடமும் இருக்காது. சாவதென்னவோ சாகத்தான் போகிறது, யாருக்கும் தெரியாத இடத்தில், இன்னும் அதிகமாகக் கஷ்டப்பட்டு. அதைக் குறைக்க வழி ஒன்றுதான், பேசாமல் இருப்பது.

தம்பி இதைப் புத்தகத்தில் படித்துக் கற்கவில்லை. முதல் வருஷம் ஒரு பெண்மான், அக்டோபர் மாதம், இருட்டப் போகும் நேரம். கூனிக்கொண்டு நடந்து போனதைக் கண்ணால் பார்த்திருக்கிறான், அம்பிலும் பச்சை ஒட்டியிருந்தது. இருந்தும் மனசு கேட்காமல் முக்கால் மணி நேரத்தில் கிளம்பிவிட்டான். நூறடி கூடப் போயிருக்க மாட்டான், முன்னால் புதருக்குள் எதுவோ எழுந்து ஓடுகிற சத்தம். அந்த இடத்துக்குப் போய்ப் பார்த்தால் சருகு ஒரு கிண்ணம் மாதிரி அமுங்கியிருக்கிறது, ஓரத்தில் உள்ளங்கை அளவு ரத்தம். கையுறையைக் கழற்றித் தொட்டுப் பார்த்தானாம். சூடு இருந்தது. அந்த மானை அவன் மறுபடி பார்க்கவே இல்லை. இதைச் சொல்லும்போது மட்டும் அவன் சிரிப்பதில்லை.

காத்திருப்பது எப்போதும் சரியா என்றால், அதுவும் இல்லை. மழை வருகிறது என்றால் தடம் கழுவிப் போய்விடும். அங்கே கொயோட்டி என்ற ஓநாய் சாதி ஒன்று உண்டு, ராத்திரி அது முந்திக்கொள்ளும். வெயில் காலமாக இருந்தால் கறி கெட்டுப்போகும். வெறும் சதைக் காயம் என்றால் காத்திருந்தால் ரத்தம் உறைந்துவிடும், உடனே பின்தொடர வேண்டும் என்று ஒரு கட்சி. அதெல்லாம் வேண்டாம், அப்போதும் பொறு என்று இன்னொரு கட்சி. எனக்குப் புரிந்தவரை, எங்கே பட்டதென்று தெரியாதபோது பொறுப்பதில் நஷ்டம் குறைவு.

இப்போது முந்திரித்தோப்புக்கு வருவோம்.

கறிக்கடை பாயிடம் முதல் நாளே சொல்லி வைத்து அரை லிட்டர் ரத்தம் வாங்கியாயிற்று. உறையாமல் இருக்க அறுத்த உடனே விடாமல் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும், அவர் பையன் குச்சியை வைத்துச் சுழற்றிச் சுழற்றி, நாரைத் தனியே எடுத்துப் போட்டுக் கொடுத்தான். எதுக்குங்க பொரியலுக்கா என்று கேட்டவரிடம் தம்பி உண்மையைச் சொல்லத் தொடங்க, நான் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். தக்காளி சாஸ் பாட்டிலில் அதை ஊற்றிக்கொண்டு அவன் மட்டும் தோப்புக்குள் போய், சுமார் 150 மீட்டருக்குச் சொட்டுச் சொட்டாக விட்டு, கடைசியில் ஒரு சாக்கில் சருகை அடைத்து மானுக்குப் பதிலாகப் படுக்க வைத்துவிட்டு வந்தான். ஒரு மணி நேரம் கழித்து நான், பிளஸ் ஒன் படிக்கிற என் பையன், என் நண்பர் ஒருவர், மூன்று பேரும் தேட வேண்டும்.

சுலபம் என்று நினைத்தோம். ரத்தம் சிவப்பு, தரை பழுப்பு, தெரியாதா? தெரியவில்லை. பண்ருட்டிச் செம்மண் என்ன நிறம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ரத்தம் அதில் விழுந்து கால்மணி நேரத்தில் உறிஞ்சப்பட்டு, காய்ந்து, மண்ணோடு மண்ணாகிவிடுகிறது. முந்திரிச் சருகோ இன்னும் மோசம். உதிர்ந்த இலை ஒவ்வொன்றிலும் இயற்கையாகவே சிவப்பும் கருப்புமாகப் புள்ளிகள், பத்து இலையைத் தூக்கிப் பார்த்தால் ஒன்றில்தான் நிஜ ரத்தம். நண்பருக்குச் சிவப்பு பச்சை நிறம் பிரித்துப் பார்ப்பதில் லேசான குறைபாடு இருப்பது அன்றுதான் அவருக்கே தெரிந்தது. நான் கண்டுபிடித்து வைத்திருந்த ஒரு பெரிய சொட்டை அவர் செருப்புக்காலால் மிதித்துக்கொண்டு, எங்கே எங்கே என்று கேட்கிறார்.

"அண்ணே, நில்லுங்க. தடத்து மேல நடக்காதீங்க, பக்கத்துல நடங்க," என்றான் தம்பி. இது முதல் விதி. தடத்தை நாமே மிதித்து அழித்துவிட்டால் திரும்பி வந்து பார்க்க எதுவும் இருக்காது. இரண்டாவது விதி, கடைசியாகப் பார்த்த சொட்டில் ஒரு ஆள் சிலை மாதிரி நிற்க வேண்டும். அடுத்த சொட்டைக் கண்டுபிடித்துக் கூப்பிட்ட பிறகுதான் அவர் நகர வேண்டும். தனியாளாக இருந்தால் ஒரு துண்டு டிஷ்யூ பேப்பரோ கலர் ரிப்பனோ வைத்துக்கொண்டே போக வேண்டும். இதில் இன்னொரு லாபம், நாலைந்து காகிதத்தை வைத்த பிறகு திரும்பிப் பார்த்தால் மான் எந்தத் திசையில் போகிறது என்று ஒரு கோடு தெரியும். எங்கள் கோடு, நான் நினைத்த மாதிரி நேராக இல்லை, பம்புசெட் பக்கம் வளைந்துகொண்டிருந்தது. காயம்பட்ட மான், அதுவும் வயிற்றில் பட்டது, தண்ணீரைத் தேடிப் போவது உண்டு என்பதால் தம்பி வேண்டுமென்றே அப்படிப் போட்டிருந்தான்.

சொட்டுகளின் வடிவமும் பேசும். நின்ற இடத்தில் விழுந்த சொட்டு வட்டமாக இருக்கும். நகர்ந்துகொண்டே விழுந்தது நீண்டு, ஒரு பக்கம் விரல் விரலாகத் தெறித்திருக்கும். அந்த விரல்கள் நீளும் பக்கம்தான் மான் போன பக்கம். தரையை மட்டும் பார்ப்பதும் தப்பு. மான் உரசிக்கொண்டு போன புல், செடித் தண்டு, மரப்பட்டை இவற்றில் இடுப்புக்குக் கீழே ரத்தப் பூச்சு இருக்கும். எந்த உயரத்தில் பூசியிருக்கிறது, ஒரு பக்கமா இரு பக்கமுமா என்பதிலிருந்து காயம் எங்கே, அம்பு துளைத்து வெளியே வந்ததா என்பதுகூடத் தெரியும். மேலிருந்து எய்த அம்பு கீழ்ப்பக்கம் வழியாக வெளியே வந்தால் ரத்தம் ஒழுகும். வெளியே வராமல் உள்ளேயே நின்றுவிட்டால், நெஞ்சுக்கூடு முழுக்க ரத்தம் நிறைந்து மான் செத்திருக்கும், தரையில் ஒரு சொட்டுகூட இருக்காது. ரத்தம் இல்லை, அதனால் அடி படவில்லை என்று வீட்டுக்குப் போய்விடுகிறவர்கள் தவறுவது இங்கேதான்.

சந்தேகமான புள்ளி மேல் ஹைட்ரஜன் பெராக்சைடு தெளித்தால் ரத்தம் என்றால் நுரைக்கும், இலைக்கறை என்றால் சும்மா இருக்கும். மருந்துக்கடையில் வாங்கிய ஒரு பாட்டிலை என் பையன் கையில் கொடுத்தோம், அவன் தோப்பில் பாதி இலைக்கு அபிஷேகம் செய்துவிட்டான். உபயோகமாகத்தான் இருந்தது.

ஆனாலும் 60 மீட்டரோடு தடம் போயே போய்விட்டது. நாங்கள் மூன்று பேரும் மூன்று பக்கம் சுற்றிக்கொண்டிருந்தபோது தோப்புக் காவலுக்கு இருக்கும் பெரியவர் பீடியை அணைத்துக் காதில் செருகிக்கொண்டு வந்தார். என்ன தேடுறீங்க என்று கேட்டுவிட்டு, நின்று பார்க்காமல் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். கன்னம் தரையில் படும் அளவுக்குச் சாய்ந்து, வெயில் வரும் பக்கத்துக்கு எதிராகப் பார்த்தார். அப்புறம் விரலை நீட்டினார். அங்கே ரத்தம் ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. எறும்பு தெரிந்தது. ஒரு சருகின் மேல் கட்டெறும்புகள் மொய்த்துக்கொண்டிருந்தன, அதற்கு ஆறேழு அடி தள்ளி இன்னொரு மொய்ப்பு, அதற்கப்பால் ஒன்றில் ஈ. "சொட்டத் தேடாதய்யா, அதத் தின்ன வந்தத தேடு," என்றார். தம்பி தன் நோட்டில் அதை எழுதிக்கொண்டான்.

தடம் அறவே விட்டுப்போனால் அங்கே செய்வது இது: கடைசிச் சொட்டை நடுவாக வைத்து, வட்டமாகச் சுற்றிப் பார்ப்பது, வட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்குவது. அதுவும் பலிக்கவில்லை என்றால் ஆட்களை வரிசையாக நிறுத்தி, வயலில் களை பறிக்கிற மாதிரி பாத்தி பாத்தியாகச் சீவிக்கொண்டு போவது. அப்போது தேடுவது ரத்தத்தை இல்லை, கிடக்கிற மானை. வெள்ளை வயிறு, ஒரு காது, ஒரு கொம்பு, படுக்கை வசமாக ஏதாவது ஒரு கோடு. காட்டில் செங்குத்துக் கோடுகள்தான் அதிகம் என்பதால் படுத்த கோடு கண்ணில் படும் என்பான். பக்கத்து நிலம் வேறொருவருடையது என்றால் வேலியைத் தாண்டும் முன் கதவைத் தட்டி அனுமதி கேட்க வேண்டும். பல மாநிலங்களில், அடித்த விலங்கை மீட்க நியாயமான முயற்சி எடுக்காமல் விடுவதே குற்றம்.

வேலி தாண்டி அடுத்தவர் இடத்தில் போய் 'என் மானைப் பார்த்தீர்களா' என்று கேட்பதில் நமக்கு ஒரு பழைய சொந்தம் உண்டு. அகப்பொருளில், அதாவது பழந்தமிழ்க் காதல் பாட்டு மரபில், 'கெடுதி வினாதல்' என்று ஒரு வழக்கம் இருக்கிறது, கெடுதி என்றால் தொலைந்துபோன பொருள். தலைவன் தினைப்புனம் காக்கும் பெண்களிடம் வந்து, என் அம்பு பட்ட மான் இந்தப் பக்கம் வந்ததா என்று விசாரிப்பான். காதல் கதையைப் பாட்டுப் பாட்டாகக் கோத்துச் சொல்லும் கோவை என்ற வகை நூல்களில் இதற்குக் 'கலைமான் வினாதல்' என்றே ஒரு துறை. அவன் மானைத் தேடி வரவில்லை, பேச்சுக் கொடுக்க ஒரு சாக்கு என்பது படிக்கிற எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்தச் சாக்கு எடுபட வேண்டும் என்றால், அம்பு பட்ட மான் ஓடி மறைந்துபோவதும் எய்தவன் அதைத் தேடி ஊர் ஊராக அலைவதும் அன்றைக்கு ரொம்பச் சாதாரணமாக நடந்திருக்க வேண்டும் அல்லவா? தம்பியிடம் இதைச் சொன்னேன். அவன் கதவைத் தட்டப் போகிற வீட்டில் எழுபது வயதுத் தாத்தா ஒருவர்தான் இருக்கிறாராம்.

எறும்புகளைப் பிடித்துக்கொண்டு ஒரு வழியாகச் சாக்கு மானைக் கண்டுபிடித்தோம், ஒரு மணி நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. வேடிக்கை அதற்கப்புறம்தான். பெரியவர் வளர்க்கும் செவலை நாய் ஒன்று, பயிற்சி எதுவும் கிடையாது, மதியச் சோற்றுக்கு வந்தது. நாங்கள் தொடங்கிய இடத்தில் மூக்கை வைத்தது, அப்படியே தலையைத் தூக்காமல் பம்புசெட் வளைவு, நாங்கள் தொலைத்த இடம் எல்லாவற்றையும் தாண்டிச் சாக்கில் போய் நின்றது. இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது.

காயம்பட்ட மானைத் தேட நாய்தான் சரியான கருவி என்பதை ஜெர்மன்காரர்கள் எப்போதோ முடிவு செய்துவிட்டார்கள். அங்கே வில்வேட்டைக்கே தடை, துப்பாக்கிதான். ஆனால் காயம்பட்ட விலங்கைத் தேடுவதற்கென்றே ஹனோவர், பவேரிய மலைநாய் போன்ற இனங்களை வளர்க்கிறார்கள். வேட்டைக்காரர் பேச்சில் விலங்கின் ரத்தத்தை ரத்தம் என்று சொல்வதில்லை, 'ஷ்வைஸ்' என்பார்கள், வியர்வை என்று பொருள். அந்த நாய்களுக்குப் பெயரும் அதிலிருந்துதான். அமெரிக்காவிலும் இப்போது பல மாநிலங்கள் கயிற்றில் கட்டிய நாயைத் தேடலுக்கு அனுமதிக்கின்றன, குட்டைக்கால் டாக்ஸ்ஹுண்டுகூட இதில் கெட்டி. இந்த நாய்கள் ரத்தத்தை மட்டும் நம்புவதில்லை. மானின் குளம்புப் பிளவுக்குள் ஒரு வாசனைச் சுரப்பி இருக்கிறது, ஒவ்வொரு அடிக்கும் அது மண்ணில் ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகும். அதனால் ரத்தமே இல்லாத தடத்திலும், பத்து மான் குறுக்கே போன தடத்திலும், பயிற்சி பெற்ற நாய் அந்த ஒரு மானை மட்டும் பிடித்துக்கொண்டு போகும். நாம் கும்பலாகப் போய் மிதித்துக் குழப்பியிருந்தால் அதற்கும் கஷ்டம்தான். அதனால் தடம் விட்டுப்போனதும் நாயைக் கூப்பிட்டுவிட்டு ஒதுங்கிவிடுவது நல்லது.

துரத்துவதன் ஆபத்து நம்மூருக்கும் பொருந்தும், கொஞ்சம் வேறு மாதிரி. வேப்பூர், விருத்தாசலம் பக்கம் கோடையில் தண்ணீர் தேடிப் புள்ளிமான் ஊருக்குள் வருவதும், கிணற்றில் விழுவதும், நாய் கடித்துக் குதறுவதும் பேப்பரில் அடிக்கடி வரும் செய்தி. ஊரே கூடி விரட்டிப் பிடித்து, கட்டிப்போட்டு, செல்பி எடுத்து முடிப்பதற்குள் மான் செத்துப்போகும். கடி பெரிதாக இல்லையே என்பார்கள். மான் சாதிக்குப் பயத்தில் அளவுக்கு மீறி ஓடினாலே தசை உள்ளுக்குள் சிதைந்து, அந்த நச்சு ரத்தத்தில் கலந்து, சில மணி நேரத்திலோ சில நாளிலோ உயிர் போய்விடும். ஆகவே அடிபட்ட மானைப் பார்த்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள், நாய்களைக் கட்டுங்கள், கூட்டத்தைத் தள்ளி நிறுத்துங்கள். கிட்டே போக வேண்டாம்.

கடைசியாக, மான் கிடக்கும் இடம். கண்டதும் ஓடிப்போய்க் கொம்பைப் பிடிக்கிறவர்கள் உண்டு, உதை வாங்கியவர்களும் உண்டு. கொஞ்சம் தள்ளி நின்று, விலா எலும்பு ஏறி இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். அப்புறம் முதுகுப் பக்கமாகப் போய், நீளமான குச்சியால் கண்ணைத் தொட வேண்டும். செத்த மானின் கண் திறந்தே இருக்கும், தொட்டால் இமைக்காது. இமைத்தால் இன்னும் உயிர் இருக்கிறது, சத்தமில்லாமல் பின்வாங்கி இன்னொரு அம்பு விட வேண்டும். என் பையன் சாக்கின் ஒரு மூலையைக் கண் என்று வைத்துக்கொண்டு முந்திரிக் குச்சியால் மெதுவாகத் தொட்டுப் பார்த்தான், செவலை நாய் மறுமூலையைக் கடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு எழுத்து வேலைதான். விஸ்கான்சினில் மானைப் பதிவு செய்யக் கெடு, மறுநாள் மாலை 5 மணி. மறுநாள் என்றால் எய்த நாளுக்கு மறுநாள் இல்லை, மீட்ட நாளுக்கு மறுநாள்.